சின்னப் பயறின் பக்கம் நின்றவள்

சிவக்கொழுந்து அக்காவுக்குப் பெரிய பயறைக் கண்ணில் காட்டக்கூடாது என்று வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கதை உலாவியது. சுத்தப் பொய். பெரிய பயறு என்றால் அவருக்கு உயிர். வந்த வில்லங்கம் முழுவதும் அந்த ஆசையால் வந்ததுதான். இதை நான் எழுதாவிட்டால் எழுத வேறு ஆளில்லை. எழுதத் தெரிந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் கனடாவில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயறு கடையில் பைக்கற்றில் கிடைக்கிறது.

என் பெயர் சிமியோன். ஊர் பாசையூர். எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அலையைக் கண்டால் சத்தி எடுக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைப் படிக்க விட்டார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வேலை போய், போட்டிருந்த சட்டையோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினேன். அந்தக் கப்பலிலும் சத்தி எடுத்தேன். அடுத்த வருடம் வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணையில் கிளாக்கர் வேலை கிடைத்தது. ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு கிணறு, இருபது பரப்புக் காணி. அவ்வளவுதான் பண்ணை.

அங்கே பயறு ஆராய்ச்சி செய்தவர் தியாகலிங்கம் சேர். உடுப்பிட்டிக்காரர், முப்பது வயதுக்குள் கலாநிதிப் பட்டம் எடுத்தவர், கொதிக்கிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது தன் வேலையை எனக்கு விளங்கப்படுத்தினார்.

பயறுச் செடியின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பதினொரு சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நூல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதை பெரிதாக வரவேண்டுமா, சிறிதாக வரவேண்டுமா என்பது அந்த நூல்களில் எங்கெங்கோ சில இடங்களில் எழுதியிருக்கிறது. அந்த இடங்களைக் கண்டுபிடித்து ஒரு வரைபடம் போடவேண்டும். போட்டுவிட்டால், பிறகு நல்ல பயறு உண்டாக்க நினைக்கிறவன் இருட்டில் தடவத் தேவையில்லை. இதற்குப் பெரிய விதைப் பயறு ஒன்றும் சின்ன விதைப் பயறு ஒன்றும் தேவை. பெரியது எங்கள் தோட்டத்துப் பச்சைப் பயறு. சின்னது பற்றைக்குள் தானாக முளைக்கிற காட்டுப் பயறு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. இரண்டையும் கலந்து, வருகிற பேரப்பிள்ளைகளில் நூற்று முப்பத்தெட்டுச் செடியைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வம்சமாக வளர்த்துக்கொண்டு போகவேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒரு செடியிலிருந்து ஒரேயொரு விதை. அது பெரிதா சிறிதா என்று பார்க்கக்கூடாது. கையில் வந்ததை நட்டுவிட வேண்டும். ஆறு தலைமுறை போனபின் ஒவ்வொரு வம்சத்தின் விதையையும் நிறுத்து, அதன் இலையை வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் கொடுத்து நூலை வாசித்தால் விடை வந்துவிடும்.

கேட்க லேசாக இருந்தது. முதற் படியிலேயே வழுக்கி விழுந்தார்கள். பயறுப் பூ தன் கலியாணத்தை விரியமுன்னமே உள்ளுக்குள் முடித்துவிடும். ஆகவே கலப்பதென்றால், நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று பின்னேரமே தேடிப்பிடித்து, சாமணத்தால் மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கிற பத்து மகரந்தப் பைகளையும் உடையாமல் பிடுங்கி எடுக்கவேண்டும். மறுநாள் காலமை மற்றச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவவேண்டும். மூச்சுப் பட்டாலே விழுகிற பூ அது. சேரும், பட்டம் பெற்ற இரண்டு உதவியாளர்களும் ஒரு மாதமாகக் குனிந்து நின்று முந்நூறு பூவை விழுத்தினார்கள்.

சிவக்கொழுந்து அக்கா அப்போது அங்கே நாள்கூலி. முப்பத்தாறு வயது, நெடிய ஆள், கலியாணமாகவில்லை. தண்ணீர் கட்டுவதும் புல்லுப் பிடுங்குவதும்தான் அவருக்குக் கொடுத்த வேலை. ஒரு மாதம் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சேர், உதை இஞ்சை தாங்கோ. பாக்க வயிறு எரியுது."

சேர் சிரித்துக்கொண்டே சாமணத்தைக் கொடுத்தார். அக்கா பத்துப் பூவில் செய்தார். நாலு காய்த்தது. அடுத்த நாள் தொடக்கம் சாமணம் அக்காவின் இடுப்பில் இருந்தது. தேவையென்றால் சேர் கேட்டு வாங்கினார்.

அந்த விரலுக்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் குடும்பம் வழிவழியாகத் தோட்டம் செய்த குடும்பம். பயறு அடித்து முடிந்ததும் சமையலுக்கு ஒரு குவியல், விதைக்கு ஒரு குவியல் பிரிப்பார்கள். பிரிப்பது பெண்களின் வேலை. சுளகில் கொட்டிக்கொண்டு குந்தினால், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டிருக்கும், கை தன்பாட்டில் பருத்த விதையைப் பொறுக்கி ஒரு பக்கம் தள்ளும். அக்கா ஏழு வயதில் அதற்குக் குந்தியவர். எங்கள் வீட்டுப் பெண்கள் இருட்டிலும் வலையின் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். அதுபோல ஒரு பழக்கம் இது.

எண்பத்தாறில் சேருக்கு வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் மூன்று தலைமுறைப் பயறு நடவேண்டியிருந்தது. பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார். உதவியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை, சேர் அதைக் கணக்கெடுக்கவில்லை.

"அக்கா, ஒண்டு மட்டும் கவனம். ஒரு செடியிலை ஒரு விதை. வடிவானதைப் பாத்து எடுக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

"ஓம் சேர். கண்ணை மூடிறன்."

மூடுவதென்ன, கட்டினார். விதை எடுக்கிற நாட்களில் துவாயால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நான் இலக்கத்தை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு உறைக்குள்ளும் கையை விட்டு ஒரு விதை எடுத்துத் தந்தார். மற்றக் கூலிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தலைமுறை அல்ல, மூன்று தலைமுறை இப்படி நடந்தது. இதைவிட ஒழுங்காக ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டு நடந்ததை நான் பார்க்கவில்லை.

சேர் திரும்பி வந்தார். எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கி, பண்ணை பூட்டிக் கிடந்தது. திறந்தபின் ஒரு போகம், பிறகு இன்னொரு போகம். எண்பத்தொன்பதில் ஆறு தலைமுறையும் முடிந்து, நூற்று முப்பத்தெட்டு வம்சத்தையும் நிறுத்து, காய்ந்த இலைகளையும் வெளியே அனுப்பினோம். தொண்ணூறு தை மாதம் சேர் முகமெல்லாம் பல்லாக எங்களைக் கூப்பிட்டு ஒரு படம் காட்டினார். பாரம் குறைந்த வம்சங்கள் இடப்பக்கம், கூடியவை வலப்பக்கம். நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டிய படம் அது. எங்களுடையது வலப்பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமை.

"காட்டுப் பயறின்ரை சின்னத்தனம் நாங்கள் நினைச்ச மாதிரிப் பலமில்லை," என்றார் சேர். "ரெண்டு மூண்டு தலைமுறையிலை கரைஞ்சு போகுது. ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. வரைபடத்திலை சின்ன விதைக்கு இடமே இல்லை."

உதவியாளர்கள் கைகொடுத்தார்கள். அக்கா படத்தைப் பார்த்தபடி நின்றார். எல்லாரும் போனபின் என் மேசைக்கு வந்து, "சிமியோன், உந்தப் படத்தை எனக்கு ஒருக்கால் வடிவாய்ச் சொல்லும்," என்றார். சொன்னேன். கேட்டுவிட்டுப் போனவர், ஒரு சிரட்டையோடு திரும்பி வந்தார். அதற்குள் இரண்டு வம்சத்து விதை. ஒன்று பச்சை, மற்றது புள்ளி போட்டது, மயிரிழை அளவு சிறிது. ஐம்பது ஐம்பது எண்ணிப் போட்டிருந்தார். எனக்கு அளவில் வித்தியாசமே தெரியவில்லை.

துவாயைக் கட்டிக்கொண்டு, ஒரு விதை எடுப்பதும் என்னிடம் தருவதுமாக இருபது தடவை செய்தார். பதினெட்டுப் பச்சை. அள்ளிக் கலக்கிவிட்டு இன்னொரு இருபது. பத்தொன்பது பச்சை.

"இப்ப நீர் எடும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பதினொரு பச்சை, ஒன்பது புள்ளி.

அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அழுதார் என்று எழுதினால் எனக்கு அடிக்க வருவார். ஆனால் அழுதார். ஆறு வருடம். அந்தப் பயறுக்காக வெயில் குடித்து, செல் குண்டுக்குப் பதுங்கி, பூப் பூவாய்ப் பிரித்த ஆறு வருடத்தை அவருடைய விரலே கெடுத்திருந்தது. அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"எழும்பும். சேரிட்டைப் போவம்."

"அக்கா, ஆருக்கும் தெரியாதே. ஏன் வீணாய்..."

"எனக்குத் தெரியும் காணும்."

சேர் அப்போதுதான் கட்டுரையின் முதற் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கதவடியிலேயே நின்று சொன்னார். "சேர், அது பயறின்ரை குணமில்லை. என்ரை கையின்ரை குணம். கண்ணை மூடச் சொன்னியள், மூடினனான். விரலை மூடேல்லை."

சிரட்டைப் பரிசோதனையைச் சேருக்கு முன்னாலும் செய்து காட்டினார். இந்த முறை இருபதும் பச்சை. சேரின் முகம் சுண்டிப் போனது. கனநேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"இது எத்தினை பேருக்குத் தெரியும்?"

"இப்ப மூண்டு பேருக்கு."

"அப்ப மூண்டு பேரோடை நிக்கட்டும். அக்கா, நான் சித்திரையிலை போறன். இலை அனுப்பின வெளிநாட்டு ஆய்வுகூடத்திலை வேலை கிடைச்சிருக்கு. இந்தக் கட்டுரை இல்லாமல் அங்கை போகேலாது. உங்கடை கையாலை கொஞ்சம் சரிஞ்சிருக்கலாம், முழுக்க இல்லை."

"கொஞ்சமோ முழுக்கவோ, பிழை. முதல் தலைமுறையிலை மிஞ்சின விதை எல்லாம் உறையிலை கிடக்கு. சாம்பல் போட்டு வைச்சனான், வண்டு தொடேல்லை. அதிலையிருந்து திரும்பத் தொடங்குவம்."

"ஆறு தலைமுறையோ? இந்த நாட்டிலையோ?"

"வேறை எந்த நாட்டிலை எனக்குக் காணி கிடக்கு?"

சேர் குரலை உயர்த்தினார். கூலிக்கு வந்தவர் கூலியின் அளவுக்குக் கதைக்க வேண்டும் என்றார். அவரை நான் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பயந்த மனிதர், என்னைப்போல. ஆனால் அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அக்கா அதற்குக் கோபப்படவில்லை. "கூலி எனக்குத்தான் சேர். பயறுக்குக் கூலி ஆர் குடுத்தது? அது ஏன் பொய் சொல்ல வேணும்?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

சித்திரையில் சேர் போய்விட்டார். சொன்னபடி அந்தப் படத்தோடு போனார். ஆனியில் இலங்கை இராணுவத்தோடு மறுபடி சண்டை தொடங்கியது, மின்சாரம் நின்றது, கொழும்புப் பாதை பூட்டியது, பண்ணை மூடியது. மூடிய அன்று பகல் பதினொரு மணிக்கு, காவலாளி பார்க்க, நான் பார்க்க, சிவக்கொழுந்து அக்கா முதல் தலைமுறை உறைகள் இருந்த தகர பிஸ்கட் ரின்னையும் பிழையான கடைசித் தலைமுறை இருந்த ரின்னையும் தலையில் அடுக்கிக்கொண்டு வாசலால் நடந்து போனார். தடுக்க வேண்டியவன் நான். கதவைத் திறந்துவிட்டேன்.

அவருக்கென்று எழுதிய சீதனக் காணி ஒன்று இருந்தது, மூன்று பரப்பு. மாப்பிள்ளை சரிவராததால் தமையன் ஏரம்பர்தான் அதில் வெங்காயம் வைத்து வந்தார். ஐந்து பிள்ளைக்காரர். பொருளாதாரத் தடையால் மாவும் இல்லை, சீனியும் இல்லை. மரவள்ளி நடலாம் என்று அவர் நிலத்தைக் கொத்தி வைத்திருந்த நேரத்தில் தங்கச்சி ரின்னோடு வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தச் சின்னப் பயறைக் கோழியும் தின்னாது. சனம் பசியிலை கிடக்கேக்கை உனக்கென்ன விசரே?"

"அண்ணை, இது என்ரை சீதனக் காணி. மாப்பிள்ளை வரேல்லை, பயறு வந்திருக்கு. ரெண்டு பரப்பிலை மரவள்ளி வையுங்கோ. ஒரு பரப்பை விடுங்கோ."

ஏரம்பர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தங்கச்சிக்குப் பெரிய பயறைக் கண்ணில் காட்டக்கூடாதாம், சின்னதைத்தான் கும்பிடுகிறாளாம் என்ற கதை அப்படித்தான் பிறந்தது. ஆனால் காணியை விட்டார். அது அவளுடையது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை.

நட்டு முளைத்து முதல் அறுவடை வந்தபோது அக்கா எனக்கு ஆள் விட்டார். பாசையூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போனேன். உறைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"நீர்தான் விதை எடுக்க வேணும்."

"எனக்குப் பயறைப் பற்றி ஒண்டும் தெரியாதே அக்கா."

"அதுக்காகத்தான். உம்மடை விரல் பயறு தெரியாத விரல். ஊரிலை உள்ளதெல்லாம் கெட்டிக்காரக் கை. கேக்க வேறை ஆளில்லை."

என் வாழ்நாளில் என்னுடைய மடைத்தனத்துக்குக் கிடைத்த ஒரேயொரு வேலை அது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை போய், கண்ணைக் கட்டிக்கொண்டு நூற்று முப்பத்தெட்டு உறைக்குள் கையை விட்டேன். அக்கா உறையையே தொடமாட்டார். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இலக்கம் வாசிப்பார். விரல் துடிப்பதை நான் கட்டை அவிழ்த்த நேரங்களில் பார்த்திருக்கிறேன். மெலிந்த ஒரு விதை என் கையில் வந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு தடவை பொம்மர் விமானம் வந்து தலைக்கு மேலே சுற்றியது. நான் கட்டியிருந்த துவாயோடு பங்கர்க் குழிக்குள் குதித்தேன். மேலே நின்று அக்கா கேட்கிறார்: "எழுபத்து மூண்டிலை எடுத்தனீரோ, இல்லையோ?" அவருக்கு நான் சொன்ன மறுமொழியை இங்கே எழுத முடியாது.

மண்ணெண்ணெய் இல்லாததால் இறைக்கிற மெசின் ஓடவில்லை. கிணற்றுத் துலாவில் ஏரம்பரின் மூத்தவன் மிதிக்க, அக்கா ஓலைப் பட்டையைப் பிடித்து இறைத்தார். காட்டுப் பயறின் வழியில் வந்த விதைகளுக்குத் தோல் கல்லு மாதிரி; ஒவ்வொன்றையும் சவர அலகால் கீறிவிட்டுத்தான் நடவேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. சவர அலகுக்கும் தட்டுப்பாடு. ஏரம்பர் தாடி வளர்க்கத் தொடங்கினார். தங்கச்சியைத் திட்டிக்கொண்டுதான் வளர்த்தார், ஆனால் வளர்த்தார்.

தொண்ணூற்று மூன்று முடியும்போது ஆறு தலைமுறையும் ஆகிவிட்டது. பண்ணைத் தராசு போன இடம் தெரியாது. பொன் நிறுக்கிற தட்டாரிடம் தராசை இரவல் வாங்கி, நூறு நூறு விதையாக நிறுத்தோம். நான் கொப்பியில் படம் கீறினேன். நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் சரிந்தது. இடப்பக்க ஓரத்தில், காட்டுப் பயறளவு சின்னதாக, ஏழு வம்சங்கள் நின்றன. அக்கா அந்த ஏழு புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"கரைஞ்சு போகேல்லை," என்றார். "நிக்குது."

சேருக்கு இரண்டு கடிதம் எழுதினோம். மறுமொழி இல்லை. தொண்ணூற்று நாலில் பண்ணையின் பழைய விலாசத்துக்கு வந்த ஒரு தபாலுறை சுற்றிச் சுழன்று என்னிடம் வந்தது. உள்ளே அச்சடித்த கட்டுரை. பதினொரு நூல்களின் படம், பெரிய விதைக்கு மூன்று இடம். சின்ன விதைக்கு இடம் இல்லை. கடைசியில் பண்ணைத் தொழிலாளருக்கு நன்றி. நான் வாசித்துக் காட்டினேன். அக்கா கட்டுரையை வாங்கி, மடித்து, ரின்னுக்குள் வைத்தார்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை ஓய்ந்து பாதை கொஞ்சம் திறந்தது. என் தங்கை மக்டலீன் கொழும்புக்குப் போனபோது, நூற்று முப்பத்தெட்டுச் சின்ன உறைகளையும் நிறுத்த பாரங்களையும் ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டோம். விலாசம், சேர் வேலை செய்த அந்த வெளிநாட்டு ஆய்வுகூடம்தான். ஆனால் சேரின் பெயருக்கு அல்ல, ஆய்வுகூடத் தலைவருக்கு. அக்காதான் அப்படிப் போடச் சொன்னார். என் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில் ஒரு வரி அவர் சொல்லச் சொல்ல எழுதியது: அச்சில் வந்த வரைபடம் பிழை, பிழை விட்டது நான், நட்டுப் பாருங்கள்.

சித்திரையில் மறுபடி சண்டை. ஐப்பசி நடுப்பகுதியில், எங்கெங்கோ சுற்றி, சேரின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த நாளே வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோக நினைத்தேன். செல்லடி விடவில்லை. மாதம் முடியும்போது இயக்கத்தார் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமம் முழுவதையும் உடனே வெளிக்கிடச் சொன்னார்கள். ஐந்து லட்சம் சனம், ஒரு றோட்டு, ஒரு பாலம், கொட்டுகிற மழை. இதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

நாலாம் நாள் பாலத்துக்கு அப்பால் மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்காவைக் கண்டேன். ஒரு வகுப்பறையில் பதினாறு குடும்பம். ஏரம்பர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் இரண்டு பிஸ்கட் ரின். ஒன்றில் சரியான வம்சங்கள், மற்றதில் பழைய பிழையான வம்சங்கள்.

"பிழையை ஏன் அக்கா சுமந்தனீங்கள்? அரிசியைச் சுமந்திருக்கலாமே."

"பிழை எப்பிடியிருந்தது எண்டு ஆரும் கேட்டால் காட்ட வேணுமெல்லே."

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சேர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஆய்வுகூடத்தில் நட்டுப் பார்த்தார்களாம். சின்ன விதைக்கு இரண்டு இடங்கள் கிடைத்தனவாம், அதில் ஒன்று மிகப் பலமானதாம். நீங்கள் சொன்னது சரி அக்கா, என்று எழுதியிருந்தார். திருத்தம் ஒன்றை இதழுக்கு அனுப்பப் போகிறார். அதன் தமிழ் இது: விதைத் தெரிவின்போது தவிர்க்க முடியாத தவறு ஒன்று நேர்ந்தது, வம்சங்கள் மீள வளர்க்கப்பட்டுப் புதிய வரைபடம் பெறப்பட்டது. உங்கள் பெயரை நான் இழுக்கமாட்டேன், உங்களுக்குக் கெட்ட பெயர் வரவிடமாட்டேன் என்று முடித்திருந்தார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு கோபத்தில் நான் கண்டதில்லை.

அந்த நேரம் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பசியில் சிணுங்கத் தொடங்கின. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் சாப்பாடு வரவில்லை. அக்கா எழும்பி, பிழையான ரின்னைத் திறந்து, உறை உறையாகக் கிழித்துப் பானைக்குள் கொட்டத் தொடங்கினார். பச்சைப் பசேலென்று பருத்த பயறு. பருத்ததாகத் தேடிப் பொறுக்கிய பயறல்லவா.

"அக்கா, அது சாட்சி," என்றேன்.

"சாட்சி நான் இருக்கிறன். அடுப்பை மூட்டும். பேந்து பேப்பரை எடும்."

பயறு வேகிற மணம் வகுப்பறை முழுக்க வந்தது. பிள்ளைகள் பானையைச் சுற்றிக் குந்தின. யாரோ விட்டுப்போன பள்ளிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நான் எழுத, அக்கா அடுப்பை ஊதிக்கொண்டு சொன்னார்.

"தியாகலிங்கம் சேருக்கு. தவிர்க்க முடியாத பிழை எண்டு எழுதாதேங்கோ. தவிர்த்திருக்கலாம். நான் கவனிக்கேல்லை, நீங்களும் கவனிக்கேல்லை. பிழை தானாய் நடக்கேல்லை, நான் விட்டனான். தோட்டக்காரியின்ரை விரல் பருத்த விதையைத் தேடும் எண்டு எழுதுங்கோ, நாளைக்கு வேறை ஆரும் அந்தப் பிழையை விடாமல் இருப்பினம். பயறு தானாய் மீள வளரவுமில்லை. நான் நட்டனான், மூண்டு வருசம், என்ரை காணியிலை. பிழைக்கு ஆள் இல்லையெண்டால் திருத்தினதுக்கும் ஆள் இல்லை. என்ரை பேரைப் போடுங்கோ. ரெண்டுக்கும் போடுங்கோ."

எழுதின கை நின்றது. "அக்கா, உப்பிடி அச்சிலை வந்தால் பேந்து ஒரு பண்ணையிலும் உங்களை வேலைக்கு எடுக்கமாட்டினம்."

அக்கா அந்த அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். ஈரச் சேலைகள், காய்ச்சல்காரர், கட்டிய மூட்டைகள்.

"எந்தப் பண்ணையிலை, சிமியோன்?"

நான் குனிந்து மிச்சத்தை எழுதினேன். கடைசியில் பெயர் வந்தது. இளையதம்பி சிவக்கொழுந்து என்று முழுதாகப் போடச் சொன்னார். போட்டேன். விலாசத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போடட்டுமா, கொழும்பில் இருக்கிற மக்டலீனின் விலாசத்தைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வட்டுக்கோட்டை."

"அங்கை இப்ப ஒரு குருவியும் இல்லை அக்கா. கடிதம் வந்தாலும் ஆர் வாங்கிறது?"

"நான் வாங்குவன். மறுமொழி அங்கை வரட்டும், நானும் அங்கை போவன். எழுதும்."

அப்படியே எழுதினேன்.